விலைபோகாத தூரிகை

கடலுக்குப் போகிறவர் ஒருவர். கரையில் நின்று விலை சொல்கிறவர் வேறொருவர்! காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் வாழும் தோழர்களுக்கு இதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கிவிட்டால், பிடித்த மீனுக்கு விலை பேசும் வாய் அடைபட்டுப் போகிறது. கழனியிலும் அதே கதைதான். நடவுக்குக் கடன், உரத்துக்குக் கடன். அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டிலேயே நெல்லை அளந்துகொண்டு போகிறார் கடன் கொடுத்தவர்.

ஓவியர் கதை மட்டும் வேறா? ஓவியம் என்றதும், அது சீமான் மாளிகைச் சுவருக்கு உரிய சரக்கு, ஆலைத் தொழிலாளிக்கும் அலைகடல் தொழிலாளிக்கும் அதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தூரிகை பிடிப்பதும் தொழில். வண்ணத்துக்குக் கடன், துணிக்குக் கடன், குடியிருக்கும் அறையின் வாடகைக்குக் கடன் என்று வாழும் ஓவியர் எத்தனையோ பேர். படத்தை மாட்டி வைத்து விற்கும் காட்சிக்கூடத்தார் விலை வைக்கிறார். இடையிலே நிற்பவர் கமிஷன் எடுக்கிறார். வாங்க வருகிறவரோ தம் வீட்டு நாற்காலியின் நிறத்துக்குப் பொருந்தும் படம் உண்டா என்று பார்க்கிறார். அந்தச் சந்தையிலே ஓவியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அவருக்கு உரிமை மட்டுந்தானா, கடமையும் உண்டா?

இதற்கு ஏட்டில் எழுதி விடை சொன்னவர்கள் பலர். வாழ்ந்து காட்டி விடை சொன்னவர் ஒருவர். அவர்தான் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். மலையாளக் குடும்பம். தென்னையும் கால்வாயும் செம்மண்ணும் சிறு வயதிலேயே அவர் கண்ணிலே பதிந்தன. பதினேழு வயதில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியிலே அவர் படம் இடம் பெற்றது. கை தேர்ந்த பிள்ளை, கலைப் பள்ளிக்குத்தானே போயிருப்பார் என்று எண்ணத் தோன்றும். இல்லை! தந்தி இலாகாவுக்குப் போனார். பிழைப்பு அழைத்தது, போனார். கட்டுக் கடகட என்று தந்திக் கருவியைத் தட்டிச் சம்பளம் வாங்கினார். ஓய்வு கிடைத்த நேரத்திலே படம் தீட்டினார். சில காலம் இன்சூரன்சு ஏஜெண்டாகவும் இருந்தார்.

இந்தச் சில ஆண்டுகளைப் பணிக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் தாண்டப் போவதில்லை. சோற்றுக்கு ஒரு தொழில், உள்ளத்துக்கு ஒரு தொழில் என்று இரண்டையும் ஒருசேர நடத்தியவருக்குத்தான் ஒன்று புரியும்: சோற்றுக்கு வழி இருந்தால், தூரிகையை யாரிடமும் அடகு வைக்க வேண்டியதில்லை. பின்னாளில் அவர் எழுப்பிய பெரிய மாளிகைக்கு இதுவே அடிக்கல்.

1936-இல், இருபத்தைந்து வயதிலே, சென்னை அரசு கலை-கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியின் கதையும் அறியத் தக்கது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது அது. மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம் என்று கைத்தொழிலுக்காகவே வளர்ந்த பள்ளி. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையிலே, பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளிகளின் சிலையைப் பார்க்காத தொழிலாளத் தோழர் உண்டா? அந்த உழைப்பாளர் சிலையை வடித்த கைதான் பணிக்கருக்கு ஆசான். படித்து முடித்தவர் அதே பள்ளியில் ஆசிரியரானார். ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும், 1957-இல் அதன் தலைவராகவும் ஆனார். பத்தாண்டுக் காலம் அந்தப் பொறுப்பிலே இருந்தார்.

இடையிலே, 1944-இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். தனி ஓவியன் தனி மரம். காற்று அடித்தால் சாய்வான். தோப்பாக நின்றால் காற்றும் வழி விட்டுப் போகும். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் எதற்கோ, அதற்கேதான் ஓவியருக்கும் சங்கம். கூடிக் கண்காட்சி நடத்தினார்கள்; வடநாட்டு நகரங்களுக்கும் படங்களைக் கொண்டு சென்றார்கள். 1954-இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும், பாரிசிலும், பிரான்சு நாட்டு லீல் நகரிலும் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. அதே 1954, நவம்பர் முதல் நாளன்று தான் நம் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

புகழ் வந்தது. பதவி வந்தது. ஆனால் பணிக்கரின் உறக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று. ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்கள் எங்கே போகிறார்கள்? சென்னையிலே படம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காட்சிக்கூடங்களும் சொற்பம். திறமை மிக்க இளைஞர்கள் துணிக்கு வடிவம் போடும் வேலைக்கும், விளம்பர வேலைக்கும், கிடைத்த எந்த வேலைக்கும் போனார்கள். போனவர்களில் பலர் தூரிகையை மறந்தார்கள். மறக்காதவர்களுக்கு முன்னே இன்னொரு பள்ளம் இருந்தது: எது விற்கிறதோ அதையே மீண்டும் மீண்டும் தீட்டுவது. ஒரு முறை குடம் ஏந்திய பெண் விற்றால், ஆயுள் முழுவதும் குடம் ஏந்திய பெண்!

என்ன செய்தார் பணிக்கர்? சர்க்காரிடம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாரா? செல்வர் வீட்டு வாயிலில் நின்றாரா? இல்லை. பள்ளியின் பழைய கைத்தொழில் மரபைத் தட்டி எழுப்பினார். 1960-களின் தொடக்கத்திலே மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை ஆகியவற்றைச் செய்து விற்றார்கள்.

பாத்திக் என்றால் என்ன? மெழுகை உருக்கித் துணியில் வடிவம் இடுவார்கள். துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரிலிட்டு மெழுகை நீக்கினால் வடிவம் பளிச்சென்று தெரியும். பெயர் சாவகத் தீவிலிருந்து வந்தது. ஆனால் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் வித்தை நம் கரைக்குப் புதிதன்று. நீலச் சாயம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகிட்டு, இந்தச் சோழமண்டலக் கரையிலே எழுதப்பட்ட வண்ணத் துணிகளுக்காகத்தான் ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக வந்தன. 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்குப் போனதும் அந்தத் துணி வாணிகக் காலத்திலேதான். அன்றும் தரகர் இருந்தார். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்தார். துணியைத் தம் விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தத் துணிகள் இன்று உலகத்து அருங்காட்சியகங்களிலே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. எழுதிய கைகளின் பெயர்? ஒன்றுகூட இல்லை!

அந்தப் பழைய வித்தையே இப்போது புது வழியைத் திறந்தது. பாத்திக் துணிகள் நன்றாக விற்றன. அந்த விற்பனைப் பணத்தைக் கொண்டே சென்னைக்குத் தெற்கே, கடலோரத்து ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966 ஏப்ரலில் அங்கே ஓவியர் கிராமம் உருவாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட ஓவியரும் சிற்பியரும் சேர்ந்தார்கள். மணலும் சவுக்கும் சூழ்ந்த இடம். குடிசை கட்டிக்கொண்டு குடியேறினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சோழமண்டலம். நாகையையும் காரைக்காலையும் தன் மடியிலே வைத்திருக்கும் இந்த நீண்ட கரையின் பெயர்தான் அது.

அங்கே நாள் எப்படிக் கழிந்தது? பகலில் சில மணி நேரம் கைவினை வேலை. அதிலே சோறு. மீதி நேரம் படம், சிற்பம். அதிலே கலை. கைவினை விற்றதில் ஒரு பங்கு பொது நிதிக்கு. சோற்றுக்கு வழி இருந்ததால், படம் வாங்க வந்தவரிடம் விலை குறைக்க முடியாது என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. இப்படித் தீட்டிக் கொடு, அப்படித் தீட்டிக் கொடு என்றவரிடம் கை கூப்பி வழியனுப்ப முடிந்தது. மானத்தைப் பற்றி மேடையிலே மூன்று மணி நேரம் முழங்கலாம். மறுநாள் காலை அடுப்பில் உலை ஏற வேண்டும் அல்லவா? உலையையும் மானத்தையும் ஒரே கூரையின் கீழ் வாழ வைத்தார் பணிக்கர்.

இந்த வாழ்விலிருந்து, சந்தைக்கு வரும் கலைஞருக்குரிய கடமைகளை நாம் எடுத்து அடுக்க முடியும்.

முதலாவது, பசியின் கையிலே தூரிகையைக் கொடுக்காதிருப்பது. நேர்மையான எந்தக் கைத்தொழிலும் கலைஞனுக்கு இழிவன்று. சாயத் தொட்டியில் கை விட்டதால் பணிக்கரின் மாணவர்கள் சிறுத்துப் போகவில்லை. பணக்காரன் சொன்னபடி படம் தீட்டியிருந்தால்தான் சிறுத்திருப்பார்கள்.

இரண்டாவது, தோழனின் விலையை உடைக்காதிருப்பது. ஒருவர் நூறு ரூபாய் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஐம்பதுக்குத் தள்ளிவிட்டால், இருவருக்கும் அடுத்த முறை நாற்பதுதான். வேலை நிறுத்த நாளில் பின்வாசல் வழியாக ஆலைக்குள் நுழைபவரை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோமோ, அதே பெயர் இவருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, சொன்ன சொல் காப்பது. இதைக் கலைஞர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை, நாம் சொல்கிறோம். காட்சிக்கூடத்தார் எல்லாரும் கொள்ளைக்காரர் அல்லர். கூடம் எடுத்து, விளக்குப் போட்டு, அழைப்பிதழ் அச்சிட்டு, ஆள் வரவழைத்துப் படத்தை விற்றுக் கொடுப்பவரும் உழைக்கிறார். அவர் கூடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டி, கமிஷன் மிச்சம், விலையைக் குறை என்று கேட்கும் வாடிக்கையாளர் உண்டு. அவருக்கு உடன்படும் ஓவியர் அன்றைக்கு நான்கு காசு பார்ப்பார். ஆனால் காட்சிக்கூடம் தம்மை ஏமாற்றுகிறது என்று பிறகு வாய் திறக்கும் தகுதியை அன்றே இழந்துவிடுவார். கணக்கு இரு பக்கமும் நேராக இருக்க வேண்டும். எத்தனை படம் கொடுத்தோம், என்ன விலை, எத்தனை பங்கு, எப்போது பணம் என்பதெல்லாம் எழுத்திலே இருக்க வேண்டும். பார்த்து எழுதிய நகலை மூலப் படம் என்று விற்கலாகாது. பிறர் கை பட்ட வேலையைத் தம் கை வேலை என்று ஒப்பமிடலாகாது.

நான்காவது, விற்றதிலேயே தேங்கிவிடாதிருப்பது. இதற்குப் பணிக்கரின் தூரிகையே சாட்சி. இளமையில் அவர் தீட்டிய கேரளத்து நீர்வண்ணக் காட்சிகளை மக்கள் விரும்பினார்கள். அந்தக் கால்வாயையும் தென்னையையுமே தீட்டிக்கொண்டு சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அதை விட்டு மனித உருவங்களுக்குப் போனார். 1963 முதல் அதையும் விட்டு, சொற்களும் குறியீடுகளும் என்ற படவரிசையைத் தொடங்கினார். அதிலே எழுத்துப் போன்ற கோடுகள் இருக்கும், படிக்க முடியாது. கணக்குப் போல, சாதகக் கட்டம் போலத் தெரியும், விடை கிடைக்காது. படித்தவரும் முதலிலே விழித்தார்கள். விழிக்கட்டும் என்று தம் வழியே நடந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், பள்ளித் தலைவர், பெயர் பெற்றவர், புதிதாகப் பிழை செய்யவும் அஞ்சவில்லை! வாங்குபவரின் ரசனை வழி காட்ட, கலைஞர் பின்னே நடந்தால் அங்கே கலை செத்து, சரக்கு பிறக்கிறது.

ஐந்தாவது, எல்லாவற்றையும் விற்றுவிடாதிருப்பது. பணிக்கர் தம் படங்களில் அறுபதுக்கு மேற்பட்டவற்றைக் கேரள மக்களுக்கென அளித்தார். 1977 சனவரியில் அவர் மறைந்தார். 1979-இல் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்திலே அவர் பெயரால் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. ஏலச் சந்தையில் விட்டிருந்தால் எந்தெந்தக் கோடீசுவரர் வீட்டு இருட்டறைக்குள் போயிருக்குமோ, அந்தப் படங்களை இன்று கூலிக்காரரும் மாணவரும் சென்று பார்க்கிறார்கள்.

அப்படியானால் சோழமண்டலத்தில் குறையே இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். உண்டு, மறைக்க மாட்டோம். சேர்ந்தவர்களில் சிலர் விலகினார்கள். விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் பாரிசு சென்று பெயர் பெற்றார்கள். வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கும் காரைக்காலுக்கு அந்தப் பயணத்தின் பொருள் புரியும். அதை நாம் குறை சொல்லவில்லை. பெண் கலைஞர்கள் மிகச் சிலரே அங்கு இருந்தார்கள். அது குறைதான்.

எல்லாவற்றையும் விட நெஞ்சைச் சுடுவது கே. இராமானுஜம் என்ற இளைஞரின் கதை. 1941-இல் பிறந்தவர். பேச்சு எளிதில் வராதவர். உலகம் கேலி செய்து ஒதுக்கியவர். அவருக்குப் பள்ளியில் இடம் கொடுத்து ஆதரித்தவர் பணிக்கர். சோழமண்டலத்தில் வாழ்ந்து, கனவு நகரங்களையும் பறக்கும் உருவங்களையும் நுண்கோட்டிலே தீட்டினார். 1973-இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். சங்கம் சோறு போட்டது, கூரை கொடுத்தது, ஆனால் அவருடைய தனிமையைத் துடைக்க முடியவில்லை. இன்று அவர் கோடுகள் பெரிய ஏலக் கூடங்களிலே பல இலட்சம் ரூபாய்க்குப் போகின்றன. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சந்தை, இறந்த பிறகு கையைத் தூக்கி விலை கேட்கிறது!

இது நம் நாட்டுக் கொடுமை மட்டுமன்று. பிரான்சு நாட்டில் மில்லே என்ற ஓவியர் இருந்தார். உழவர்களையும், அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கும் ஏழைப் பெண்களையும் தீட்டியவர். மாலை மணியோசை கேட்டு வயலில் தலை குனிந்து நிற்கும் உழவர் இருவரை அவர் தீட்டிய படம், அவர் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பிராங்குக்குப் போனது. அவர் மறைந்த பின், 1889-இல் அதே படம் ஏலத்தில் ஐந்து இலட்சம் பிராங்குக்கு மேல் போனது. மில்லேயின் குடும்பத்துக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை. இந்த அநீதி எழுப்பிய குரலால், 1920-இல் பிரான்சிலே சட்டம் வந்தது: படம் மறுபடி விற்கும்போதெல்லாம் கலைஞருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு. அந்த நாளில் நம் காரைக்காலில் பறந்ததும் பிரெஞ்சுக் கொடிதான்! இந்தியாவிலோ அத்தகைய பிரிவு பதிப்புரிமைச் சட்டத்தில் சேர 1994 வரை ஆயிற்று. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத பங்கு கலைஞருக்கோ வாரிசுக்கோ உண்டு என்கிறது அது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. யாரிடம் விற்றோம் என்ற கணக்கு கலைஞர் கையில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கச் சங்கம் பின்னால் இருக்க வேண்டும். பணிக்கர் சங்கம் சங்கம் என்று ஏன் அலைந்தார் என்பது இப்போது விளங்கும்.

கலைஞரின் கடமையைப் பேசிவிட்டோம். வாங்குபவரின் கடமை? வாங்குபவர் என்றதும் கோடீசுவரரைத் தேட வேண்டாம். நாமும் வாங்குபவர்தாம்! மாநாட்டுக்குச் சுவர் எழுத வருகிறாரே ஒரு தோழர், ஏணியில் ஏறி வெயிலில் நின்று எழுத்துக்கு எழுத்து அழகு பார்க்கிறாரே, அவருக்குக் கூலியை முன்கூட்டிப் பேசினோமா? பேசியதை வேலை முடிந்த அன்றே கொடுத்தோமா? கொள்கைக்காகத்தானே எழுதுகிறாய் என்று தோளில் தட்டிப் பாக்கி வைத்தோமா? திருமண மேடைக்கும் மாங்கனித் திருவிழாக் கடைக்கும் படம் தீட்டும் இளைஞரிடம், துணியில் அச்சடித்த விளம்பரம் மலிவு என்று சொல்லி அடிமட்ட விலைக்கு இழுத்தோமா? அப்படிச் செய்திருந்தால், கரையில் நின்று மீனுக்கு விலை வைக்கும் முதலாளியைப் பழிக்க நமக்கு வாய் இல்லை.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவிலே தூரிகை பிடிக்கும் இளைஞர்கள் நான்கு பேர் இருந்தால் அவர்களை ஒன்று கூட்டுங்கள். ஒரு சங்கம் காணச் சொல்லுங்கள். ஒரே கூலி விகிதம் வைக்கச் சொல்லுங்கள். அந்த விகிதத்தை முதலில் மதிக்கும் கை உங்கள் கையாக இருக்கட்டும். சென்னைக்குப் போகும்போது உழைப்பாளர் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இன்னும் சிறிது தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கம். சாயத் தொட்டியிலிருந்து எழுந்த சோழமண்டலம் அங்கே இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.